செவலையின் தாகமும் இரத்தத்தில் கால்சியமும்

பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது பாராதைராய்டு சுரப்பிக்கு நான் ஒதுக்கி வந்த நேரம் ஐந்து நிமிடம். பிட்யூட்டரிக்கு ஒரு பாடவேளை, தைராய்டுக்கும் கணையத்துக்கும் சேர்த்து ஒரு பாடவேளை. பாராதைராய்டு என்று வந்தால், "தைராய்டின் பின்புறம் நான்கு சிறு சுரப்பிகள், பாராதார்மோனைச் சுரக்கும், இரத்தத்தில் கால்சியத்தின் அளவை ஒழுங்குபடுத்தும், ஒரு மதிப்பெண் வினாவுக்கு வரும், கோடிட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். பதினெட்டு ஆண்டுகள் இப்படித்தான் நடத்தினேன். எங்கள் வீட்டு நாய்க்குப் புற்றுநோய் வந்த பிறகுதான், அந்த ஐந்து நிமிடப் பாடத்தை நானே சரியாகப் படிக்கவில்லை என்று தெரிந்தது.

செவலை ஒன்பது வயதுப் பெட்டை. நாட்டு நாய்தான், எடை 18 கிலோ. ஒரு மாதமாகவே அது தண்ணீர் அதிகம் குடித்தது. கோடைக்காலம் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இரவில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. அதுவரை ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பின்னங்கால்கள் தளர்ந்து, திண்ணைப் படி ஏறவே யோசித்தது.

அப்போது நான் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, கால்சியம் டானிக் வாங்கிக் கொடுத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் குட்டி போட்டபோது அதற்கு நடுக்கம் வந்து கால்சியம் ஊசி போட்டவுடன் எழுந்து நின்றது. அந்த ஞாபகத்தில், கால் தளர்ந்தால் கால்சியம் குறைவு என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டாவது, இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து மேடையில் வைத்துவிட்டேன். குடித்தால்தானே வீட்டை நனைக்கும் என்பது என் கணக்கு. இரண்டும் தவறு. இரண்டாவது தவறு அதன் சிறுநீரகத்தையே பறித்திருக்கும்.

பத்து நாளில் வாந்தி எடுக்கத் தொடங்கியது. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மருத்துவர் முதலில் தாடைக்குக் கீழே கையை வைத்தார். பிறகு தோளுக்கு முன்னால், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னால் என்று ஒவ்வொரு இடமாகத் தடவினார். என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். தாடைக்கடியில் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழ அளவில் கட்டி. தினமும் தடவிக் கொடுக்கும் நாய். எனக்குத் தெரியவில்லை. அவை வீங்கிய நிணநீர் முடிச்சுகள்.

"தண்ணி எவ்வளவு குடிக்குது டீச்சர்?" என்று கேட்டார். அளந்து பார்த்ததில்லை என்றேன். இரவில் பாத்திரத்தை எடுத்துவிடுவதையும் சொன்னேன். ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே ஒரு நிமிஷம்கூட எடுக்காதீங்க. அது குடிக்கிறதால போகலை. போறதாலதான் குடிக்குது" என்றார்.

இரத்தப் பரிசோதனையில் கால்சியம் டெசிலிட்டருக்கு 15.8 மில்லிகிராம் என்று வந்தது. நாய்க்கு இயல்பான அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறினாலும் ஏறக்குறைய 9 முதல் 11.5 வரைதான். பாஸ்பரஸ் குறைவாக 2.6. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.1, அதாவது ஏறத் தொடங்கியிருந்தது. கால்சியம் குறைவு என்று நினைத்து டானிக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் கை நடுங்கியது. டானிக்கால்தான் இவ்வளவு ஏறிவிட்டதா என்று கேட்டேன். "இந்த அளவுக்கு அது ஏத்தாது. ஆனா இப்ப அதைக் குடுக்கவே கூடாது. போனது நாள்தான்" என்றார். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வீங்கிய முடிச்சிலிருந்து மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்து லிம்போமா என்று உறுதி செய்தார்கள். லிம்போசைட்டு என்ற வெள்ளையணுவில் தோன்றும் புற்றுநோய் அது.

கழுத்தில் கட்டி வந்தால் இரத்தத்தில் ஏன் கால்சியம் ஏற வேண்டும்? எனக்கு முதலில் புரியாதது இதுதான். இதைப் புரிந்துகொள்ள நான் கோடிட்டுக்கொள்ளச் சொன்ன அந்த ஒரு வரிக்கே திரும்ப வேண்டியிருந்தது.

உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதமுள்ள ஒரு விழுக்காட்டில்தான் நரம்புத் தூண்டல், தசைச் சுருக்கம், இதயத் துடிப்பு, இரத்தம் உறைதல் எல்லாம் நடக்கின்றன. அதனால் இரத்தத்தில் அதன் அளவை உடல் மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. சற்றுக் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி உடனே பாராதார்மோனை அனுப்பும். அது எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை எடுக்கச் சொல்லும். சிறுநீரகத்தில் வெளியேறப் போகும் கால்சியத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லும், பாஸ்பேட்டை மட்டும் வெளியே விடச் சொல்லும். வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் செய்து, குடல் அதிகக் கால்சியத்தை உறிஞ்சவும் வழி செய்யும். அளவு சரியானதும் சுரப்பி அடங்கிவிடும். நாம் எவ்வளவு பால் குடித்தோம், எத்தனை மாத்திரை விழுங்கினோம் என்பதைவிட இந்தக் கட்டளை எப்படிப் போகிறது என்பதே இரத்த அளவைத் தீர்மானிக்கிறது.

சில புற்றுநோய்ச் செல்கள் இந்தக் கட்டளையைப் போலியாகத் தயாரிக்கின்றன. வகுப்பில் இதை நான் இப்படிச் சொன்னேன். தலைமையாசிரியர் கையெழுத்தைப் போலவே போட்டு யாரோ ஒருவர் அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறார். கையெழுத்து ஒத்துப்போவதால் எழுத்தரும் கிடங்குக் காவலரும் அப்படியே நிறைவேற்றுகிறார்கள். கிடங்கு காலியாகிக்கொண்டே வருகிறது. உண்மையான தலைமையாசிரியர் 'நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது' என்று மௌனமாக இருக்கிறார். கிடங்கு என்பது எலும்பு. மௌனமாக இருப்பது நாயின் சொந்தப் பாராதைராய்டு. போலிச் சுற்றறிக்கையின் பெயர் பாராதார்மோன் ஒத்த புரதம்.

இந்தப் புரதம் கண்டுபிடிக்கப்பட்டது மனிதப் புற்றுநோய் ஆய்வில். சிறுநீரகப் புற்றுநோய் கொண்ட ஒருவருக்கு இரத்தக் கால்சியம் உயர்ந்திருந்ததை வைத்து, கட்டியே பாராதார்மோன் போன்ற ஒன்றைச் சுரக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941-இல் சொன்னார். அந்த ஊகத்துக்கு உரிய பொருளை நுரையீரல் புற்றுநோய்ச் செல்களிலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 1987-இல் வெளியிட்டார்கள். நாற்பத்தாறு ஆண்டுகள் ஆயின. பாராதார்மோனின் முதல் 13 அமினோ அமிலங்களில் 8 அப்படியே இந்தப் புரதத்திலும் இருக்கின்றன. அந்த முனைதான் செல்லின் ஏற்பியில் போய்ப் பொருந்துகிறது. அதனால்தான் எலும்பும் சிறுநீரகமும் ஏமாறுகின்றன. இந்தப் புரதம் தீமைக்கென்றே பிறந்தது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கருவிலிருக்கும் குட்டிக்குத் தாயிடமிருந்து கால்சியம் போய்ச் சேர்வதிலும், குருத்தெலும்பு வளர்வதிலும், பால் சுரப்பியிலும் அதற்கு நல்ல வேலை உண்டு. புற்றுநோய்ச் செல் அதை எடுத்துத் தவறான இடத்தில், தவறான அளவில் பயன்படுத்துகிறது.

நாய்களில் இரத்தக் கால்சியம் உயர்வதற்கு மிகப் பொதுவான காரணம் புற்றுநோய்தான். அதில் முதலிடம் லிம்போமாவுக்கு. லிம்போமா வந்த நாய்களில் 100-க்கு 10 முதல் 15 நாய்களுக்கு இப்படி ஏறுகிறது. பெரும்பாலும் டி செல் வகை லிம்போமாவில், அதுவும் மார்புக்கூட்டுக்குள் கட்டி இருக்கும்போது. அடுத்தது ஆசனவாயின் இருபுறமும் உள்ள சிறு பைகளில் தோன்றும் புற்றுநோய். பட்டாணி அளவுக் கட்டிகூடக் கால்சியத்தை உயர்த்திவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கல்லூரி மருத்துவமனையில் கழுத்துக் கட்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகும், மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டு ஆசனவாயில் விரல் விட்டுச் சோதித்தார். எனக்கு அப்போது அது தேவையில்லாத தொல்லையாகத் தோன்றியது. பிறகு படித்தபோதுதான், கால்சியம் உயர்ந்த எந்த நாய்க்கும் அதைச் செய்யாமல் விடக்கூடாது என்று தெரிந்தது. புற்றுநோய் இல்லாமலும் கால்சியம் உயரலாம். பாராதைராய்டிலேயே வரும் சாதாரணக் கட்டி, அட்ரினல் குறைபாடு, நாட்பட்ட சிறுநீரக நோய், வைட்டமின் டி அளவுக்கு மீறிப் போவது, அந்த வைட்டமினை நஞ்சாகக் கொண்ட எலி மருந்தைத் தின்றுவிடுவது என்று பட்டியல் நீளும்.

இனி அந்தத் தாகத்துக்கு வருகிறேன். பிட்யூட்டரியின் பின்கதுப்பிலிருந்து வரும் ஆன்டிடையூரிட்டிக் ஹார்மோன் சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளத்தில் போய், 'தண்ணீரைத் திருப்பி எடு' என்று சொல்லும். பாடத்தில் நடத்துகிறோம். இரத்தத்தில் கால்சியம் மிகுந்தால் அந்த நாளத்தின் செல்களுக்கு இந்தக் குரல் கேட்பதில்லை. ஹார்மோன் வந்துகொண்டேதான் இருக்கிறது, சிறுநீரகத்துக்குக் காது அடைத்துவிட்டது. தண்ணீர் அப்படியே வெளியே போகிறது. உடல் வறண்டு, அதனால் தாகம் எடுக்கிறது. அந்த நேரத்தில் பாத்திரத்தை எடுத்துவிட்டால் சிறுநீர் நிற்காது, உடல் வறட்சிதான் கூடும். இரத்த ஓட்டம் குறைந்த சிறுநீரகத்தால் கால்சியத்தை வெளியேற்ற முடியாது. கால்சியம் இன்னும் ஏறும், சிறுநீரகம் இன்னும் கெடும். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் சுழல். சிறுநீரகம் தளர்ந்து பாஸ்பரஸும் ஏறத் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து மென்மையான திசுக்களில் சுண்ணாம்பாகப் படியும். செவலைக்குப் பாஸ்பரஸ் குறைவாக இருந்தது அந்த வகையில் நல்ல செய்தி. கட்டளை போலியானது என்பதற்கும் அது ஒரு தடயம்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் மறைக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் ஒவ்வொரு பாடவேளையிலும் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் போக அனுமதி கேட்பான். பாடத்திலிருந்து தப்பிக்கிறான் என்று நினைத்து இரண்டு முறை உட்காரச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது வாரம் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குப் போனான். முதல் வகை நீரிழிவு. அங்கே காரணம் வேறு. சிறுநீரில் இறங்கும் குளுக்கோஸ் தன்னோடு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் வரிசை ஒன்றுதான், முதலில் வெளியேறுகிறது, பிறகு தாகம் எடுக்கிறது. அவன் இப்போது நன்றாக இருக்கிறான், இன்சுலின் போட்டுக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்குச் செய்ததையே வீட்டில் ஒரு நாய்க்கும் செய்தேன் என்பது எனக்கு மிகவும் உறைத்தது.

நாய் எவ்வளவு தண்ணீர் குடித்தால் அதிகம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 18 கிலோ செவலைக்கு எல்லை 1,800 மில்லிலிட்டர். மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே ஒரு லிட்டர்ப் புட்டியால் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து கழித்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். முதல் நாள் 3,400.

சிகிச்சையின் வரிசை எனக்குப் பொறுமையைச் சோதித்தது. முதல் இரண்டு நாளும் சலைன் மட்டும் ஏற்றினார்கள். உப்புநீர் ஏற ஏறச் சோடியம் சிறுநீரில் வெளியேறும், அதோடு கால்சியமும் வெளியேறும். நீர்ச்சத்து சரியான பிறகுதான் சிறுநீரைக் கூட்டும் ஃப்ரூசமைடு ஊசி. வறண்ட உடலில் அதை முதலிலேயே போட்டால் கேடு. "ஸ்டீராய்டு போட்டால் கால்சியம் உடனே இறங்கும் என்கிறார்களே, ஏன் போடவில்லை?" என்று கேட்டேன். ஊசியால் எடுத்த செல்களின் முடிவு வரட்டும் என்றார் மருத்துவர். பிரட்னிசோலோன் லிம்போசைட்டுகளைக் கொல்லும். கட்டி சுருங்கும், கால்சியமும் இறங்கும், நாய் எழுந்து வாலாட்டும். ஆனால் அதற்குப் பிறகு எடுக்கும் மாதிரியில் நோயே தெரியாமல் போகலாம். பின்னால் கொடுக்கப்போகும் மருந்துகளுக்கு நோய் பழகியும் போகலாம். நோயின் பெயர் உறுதியாகும் வரை ஸ்டீராய்டைத் தள்ளி வைப்பது மெத்தனம் அல்ல. சில நாய்களுக்கு எலும்புக் கரைவைத் தடுக்கும் பாமிட்ரோனேட், சோலெட்ரோனேட் போன்ற மருந்துகளும் தேவைப்படும். செவலைக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாம் நாள் 13.4. அன்று மாலை முடிவு வந்ததும் கீமோதெரபி தொடங்கினார்கள். முதல் ஊசி வின்கிரிஸ்டின். அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம் பள்ளி முகப்பில் கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பூத்திருக்கும் நித்யகல்யாணியைக் காட்டலாம். அதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பொருள்தான். மாணவர்கள் நம்பவில்லை. (தெருநாய்களின் பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் கட்டி ஒன்று வருமே, இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் புற்றுநோய், அதற்கும் இதே மருந்துதான். பெரும்பாலும் இது ஒன்றிலேயே குணமாகிவிடும். அந்தக் கட்டியில் கால்சியம் ஏறுவது வழக்கமில்லை.) ஐந்தாம் நாள் செவலைக்குக் கால்சியம் 10.9. கிரியேட்டினின் 1.3. கட்டி கரைந்தால் போலிக் கட்டளை நின்றுவிடுகிறது. கால்சியத்துக்கு உண்மையான மருந்து புற்றுநோய்க்கான மருந்துதான், மற்றவை அதுவரை தாக்குப்பிடிக்க.

மருந்து ஏற்றிய பிறகு சில நாட்களுக்கு அதன் சிறுநீரிலும் மலத்திலும் மருந்தின் எச்சம் இருக்கும். வீட்டில் அதைத் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த இடத்துக்கு விடக்கூடாது. வீடு முழுக்க நனைக்கும் நாய் என்றால் இது சின்ன விஷயமில்லை. நாங்கள் கொல்லைப்புறத்தில் மண் தரையில் ஓர் இடத்தை ஒதுக்கி, மகனை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவது வாரம் நான் மறுபடியும் டானிக் புட்டியைக் கையில் எடுத்தேன். அந்த வார அறிக்கையில் கால்சியம் 8.4 என்று இருந்தது. இப்போது உண்மையிலேயே குறைந்துவிட்டதே! நல்லவேளை, தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியது. "அதே தாள்ல அல்புமின் எவ்வளவுன்னு பாருங்க டீச்சர்" என்றார் மருத்துவர். 1.9. அதுவும் குறைவு. இரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய பாதிதான் தனி அயனியாக இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. நரம்பும் தசையும் உணர்வது தனி அயனியை மட்டும்தான். சரியாகச் சாப்பிடாமல் நோயில் கிடந்த நாய்க்கு அல்புமின் குறைந்தால், ஒட்டியிருக்கும் பங்கு குறைந்து மொத்தக் கணக்கும் குறைவாகத் தெரியும். மறுநாள் அயனிக் கால்சியத்தைத் தனியாக அளந்தார்கள். லிட்டருக்கு 1.27 மில்லிமோல், இயல்பு. டானிக் புட்டியை என் கணவர் அன்றே குப்பையில் போட்டுவிட்டார்.

பேருந்தில் ஏறியிருக்கும் மொத்தப் பேர் எத்தனை என்பது வேறு, நின்றுகொண்டு எந்த நிறுத்தத்திலும் இறங்கத் தயாராக இருப்பவர் எத்தனை என்பது வேறு. இருக்கைகளைக் குறைத்தால் மொத்தம் குறையும், நிற்பவர் எண்ணிக்கை மாற வேண்டியதில்லை. இந்த உவமை எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னது. நான் சொன்னதைவிட நன்றாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன்.

இரத்தம் எடுக்கும் குழாயும் இதில் முக்கியம். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாவிட்டால் இரத்தம் உறையாது, அதற்காகத்தான் அதைச் சேர்க்கிறார்கள். அந்தக் குழாயின் இரத்தத்தில் கால்சியத்தை அளந்தால் இல்லாத குறைவு தெரியும். கால்சியத்துக்கு வேறு குழாய்தான் பயன்படுத்த வேண்டும். இரத்தம் உறைதலில் கால்சியத்தின் பங்கை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனாலும் சிகிச்சைக் காலத்தில் உண்மையான குறைவும் வரும். அதையும் தெரிந்திருக்க வேண்டும். மிகப் பரவிய லிம்போமாவில் முதல் மருந்துக்கே ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் உடைந்தால், அவற்றுக்குள் இருந்த பாஸ்பேட் இரத்தத்தில் கொட்டும். அது கால்சியத்தோடு சேர்ந்துகொள்ள, கால்சியம் சரியும். முதல் மருந்துக்குப் பிறகு ஓரிரு நாளில் நாய் திடீரென்று துவண்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பாராதைராய்டிலேயே கட்டி இருந்து அதை அறுவைசிகிச்சையில் எடுத்தால் வேறொரு காரணம். இத்தனை நாள் மௌனமாக இருந்த மற்றச் சுரப்பிகள் சுருங்கிப் போயிருக்கும், விழித்தெழ நாளாகும். அதுவரை கால்சியம் குறையும், அதனால் அறுவைக்குப் பின் ஒரு வாரமாவது தினமும் அளக்கிறார்கள். எலும்புக் கரைவைத் தடுக்கும் மருந்துகளும் சில நேரம் தேவைக்கு மேல் இறக்கிவிடும். குறைவின் அறிகுறிகள் வேறு மாதிரி. முகத்தைத் தரையில் தேய்ப்பது, தசை துடிப்பது, விறைத்த நடை, நடுக்கம், கடைசியில் வலிப்பு. செவலை குட்டி போட்டபோது நான் பார்த்தது இதைத்தான். பால் கொடுக்கும் தாயின் கால்சியம் பாலில் போய்விட, அங்கே கால்சியம் ஊசி உயிர் காத்தது. அதையும் மெதுவாக, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டும். ஏறினாலும் நாய் சோர்கிறது, இறங்கினாலும் சோர்கிறது. வெளியிலிருந்து பார்த்து டானிக் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த ஆண்டு ஹார்மோன்கள் பாடம் வந்தபோது அறிக்கைகளின் எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். 15.8, 13.4, 10.9, பிறகு அந்த 8.4. பாராதைராய்டுக்கு ஒரு பாடவேளை முழுதும் போனது. அதிலும் ஒரு மாணவன் கேட்ட கேள்வியில் பாதி நேரம். "டீச்சர், கால்சியம் அவ்வளவு ஏறியிருந்தப்ப செவலையோட சொந்தப் பாராதார்மோன அளந்திருந்தா எவ்வளவு இருந்திருக்கும்?" நிறைய என்று பாதி வகுப்பு சொன்னது. குறைவு என்று நாலைந்து பேர். பின்னூட்டக் கட்டுப்பாடு என்ற சொல்லை நான் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன், அன்றுதான் அதை வைத்து வகுப்பு சண்டை போட்டது. மருத்துவர்கள் உண்மையிலேயே இதைத்தான் அளக்கிறார்கள். கால்சியம் ஏறியும் பாராதார்மோன் அடங்கவில்லை என்றால் சந்தேகம் பாராதைராய்டின் மேல். பாராதார்மோன் அடங்கி, அதை ஒத்த புரதம் உயர்ந்திருந்தால் சந்தேகம் புற்றுநோயின் மேல். "அப்ப தயிர்சாதத்த நிறுத்தினா இறங்குமா?" என்று இன்னொருத்தி கேட்டாள். வருவது எலும்பிலிருந்து, தட்டிலிருந்து அல்ல என்று முதல் வரிசையிலிருந்தே பதில் வந்தது.

டி செல் லிம்போமா நாய்களில் முழுதாகக் குணமாவது அரிது என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். கீமோதெரபி கொடுப்பது நல்ல மாதங்களைக் கூட்டத்தான். செவலைக்கு ஏழு மாதம் கிடைத்தது. படி ஏறியது, தெருவில் பூனையைத் துரத்தியது, எடை கூடியது. தண்ணீர் ஒரு நாளைக்கு 900 மில்லிலிட்டர் அளவில் நின்றது. ஏழாம் மாதக் கடைசியில் கழுத்தில் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை, ஆனால் நோட்டில் 1,200 என்று எழுதினேன். மறுநாள் 1,500. நான்காம் நாள் 1,900. பரிசோதனையில் கால்சியம் 12.9. நோய் திரும்பிவிட்டது, முடிச்சுகள் வீங்குவதற்கு முன்பே.

வேறு மருந்துகள் இருந்தன. பயன் குறைவு, வாரந்தோறும் பயணம். வீட்டில் பேசி, ஸ்டீராய்டும் வாந்திக்கான மாத்திரையும் போதும் என்று முடிவு செய்தோம். மருத்துவரும் தடுக்கவில்லை. இன்னும் ஐந்து வாரம் இருந்தது. திண்ணையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கொல்லையில் ஒன்று என்று மூன்று பாத்திரங்களில் தண்ணீர் வைத்திருந்தோம், இரவிலும். அந்த நோட்டு இப்போது எங்கள் பள்ளி ஆய்வக அலமாரியில் இருக்கிறது. இந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு, நாளுக்கு எதிராகத் தண்ணீரின் அளவை வரைபடமாக வரையும் பயிற்சிக்கு அதிலிருந்துதான் எண்களைக் கொடுத்தேன்.